சம்பந்தி கொண்டுவந்த ஈரல்

அத்தியாயம் பதினொன்று

படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாக்கெட் சோப்புத் தூள் வைத்து உருக்காலை நிர்வாகம் திருப்பி அனுப்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம்.

எங்கள் ஊரான கோக்பஸ்தாவின் பெண்கள் காலையில் ஆலை வேலியில் வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிட்டு, சாயங்காலம் அவை என்ன நிறத்துக்கு வருகின்றன என்று ஊருக்குக் காட்டினார்கள். ஆலை அதைப் போராட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுக்குத் துணியாக எடுத்துக்கொண்டது.

அந்தச் சோப்புத் தூள் யோசனை, சுற்றுச்சூழல் மற்றும் சமூக நல்லுறவுக்கான துணை இயக்குநர் எர்முகானுடையது. பெண்களைத் திரட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டது, கடைத்தெருவில் இறைச்சிப் பரிசோதனை செய்யும் கால்நடை மருத்துவர் ரௌஷான். எர்முகானின் மகன் சன்ஜாரும் ரௌஷானின் மகள் மோல்திரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக விரிப்புகள் திரும்பிவந்த அதே சாயங்காலம் அறிவித்தால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அந்தப் பாடெல்லாம் பட்டு முடிந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

வந்து, வால் கொழுப்பும் ஈரலும் சாப்பிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தம் என்றால் அதுதான். பெண் வீட்டு ஆட்டின் கொழுத்த வாலும் ஈரலும் ஒரே தட்டில் வரும். சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிக்கொள்வார்கள். விழுங்கிய பிறகு பின்வாங்க முடியாது. சம்பந்திகள் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்லி மேடையேறுவதும் கிடையாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

திங்கட்கிழமை மாவட்ட மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். உலையை நிறுத்தி ஃபில்டர் மாட்ட வேண்டும், ஊர்ப் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று முதலில் எழுந்து பேச வேண்டியவள் ரௌஷான். சனிக்கிழமை ஈரல் சாப்பிட்டால் திங்கட்கிழமை வாயை மூட வேண்டும். சாப்பிடாவிட்டால் மகள் கல்யாணம் நின்றுபோகும். எர்முகானுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ரௌஷானுக்கும் தெரியும்.

*

காலையிலேயே தொலேகென் ஆட்டை அறுத்துவிட்டார். தொலேகென் ரௌஷானின் கணவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் மைக்கைப் பிடித்து விருந்தை நடத்திக்கொடுப்பவர். கையில் ஒரு கோப்பை இருந்து, எதிரில் நாலு பேர் இருந்தால் போதும், கோப்பையைக் கீழே வைக்க மனம் வராது.

"நம்ம மந்தை, நம்ம புல், நம்ம தண்ணி," என்று தோலை மடித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தார். "இந்த ஈரல்ல எங்க மண்ணோட ருசி இருக்கும் சம்பந்தி. எப்படி இருக்கு?"

"மண்ணோட ருசி இருக்கும். அதுதான் பிரச்சினையே," என்றாள் ரௌஷான். "ஈரலை எங்கிட்ட குடு. நான் பார்த்துக்கறேன்."

பல வருடமாக இந்த மேய்ச்சல் நிலத்து ஆடுகளின் ஈரலையும் சிறுநீரகத்தையும் அவள் முத்திரை போடாமல் ஒதுக்கிவருகிறாள். இறைச்சி பரவாயில்லை, ஈயமும் காட்மியமும் போய் உட்காருகிற இடம் இந்த இரண்டும்தான். நகரத்துப் பரிசோதனைக் கூடமும் அதைத்தான் சொன்னது. ஆடு எதையாவது நக்கியிருக்கும் என்று ஆலை பதில் சொன்னது. எந்த ஆடு என்று கேட்டதற்கு, எல்லா ஆடும் என்றது.

தொலேகென் தலை மறைந்ததும் ரௌஷான் அந்த ஈரலைக் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி, மேலே சுண்ணாம்பு போட்டு மூடினாள். அப்புறம் உள்ளே வந்து அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஐஸ் பெட்டியை இழுத்தாள். மலைக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் சித்தி மகன் விடியும்போதே கொண்டுவந்து கொடுத்தது. ஆலைக் காற்று அந்தப் பக்கம் போவதில்லை.

"அது நம்ம ஆட்டு ஈரல் இல்லையே," என்றாள் மோல்திர். பவுர்சாக் பொரிக்க மாவு பிசைந்துகொண்டிருந்தவள், மாவுப் பாத்திரமும் கையுமாக வாசல்படியில் நின்றாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது.

"சத்தம் போடாதே. உங்கப்பா காதுல விழுந்தா மைக்ல விழுந்த மாதிரி."

"கூட்டத்துல இங்கத்து ஈரல் மோசம்னு பேசப்போற நீங்க, வீட்டுல வேற ஈரலை இங்கத்து ஈரல்னு பரிமாறப் போறீங்களா? அதுக்கு என்னம்மா பேரு?"

"விருந்தோம்பல்," என்றாள் ரௌஷான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொய்யும்தான்," என்றாள். "வேற என்ன செய்யச் சொல்றே? வீட்டுக்கு வர்றவங்களுக்கு விஷத்தை ஊட்டவா? இல்லை, வாசல்லயே நிறுத்தி, உங்க ஆலையால எங்க வீட்டுல பரிமாற ஈரல் இல்லைன்னு திருப்பி அனுப்பவா?"

மோல்திர் மாவை ஒரு தடவை புரட்டிப் போட்டாள்.

"எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என் கல்யாணத்துக்காக நீங்க திங்கட்கிழமை வாயை மூடிக்கிட்டா, சன்ஜார் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

"மாவு கெட்டியா இருக்கு. இன்னும் கொஞ்சம் பால் விடு," என்றாள் ரௌஷான். மகள் திரும்பிய பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

*

சதுக்கத்தில் ஆலை நிறுத்தியிருக்கும் காற்றுத் தரப் பலகை அன்றும் 'நன்று' என்றே காட்டியது. போன குளிர்காலத்தில் ஊர் முழுக்க மின்சாரம் போனபோதும் அது 'நன்று' என்றே காட்டிற்று. அப்போதுதான் அது பெயிண்ட் என்று தெரிந்தது.

அந்தப் பலகையைத் தாண்டி எர்முகானின் கார் வந்து நின்றது. பச்சைக் கழுத்துப்பட்டை, சட்டைப் பையில் இலை வடிவத்தில் ஒரு ஊசி, கையில் தொட்டியோடு ஒரு மரக்கன்று. பள்ளிக்கூட வாசலில் வருடாவருடம் ஒரே குழியில் மரம் நடுகிறவர் அவர். மரங்கள்தான் போயின. குழிக்கு இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை.

"இன்று இணைவது இரண்டு குடும்பங்கள் மட்டுமல்ல," என்று வாசலிலேயே ஆரம்பித்தார். "தொழில்துறையும் இயற்கையும் கைகோர்க்கும் நாள் இது."

"இதுல பொண்ணு எது, மாப்பிள்ளை எது?" என்று கேட்டாள் ஷரிபா. தொலேகெனின் தங்கை, எந்த நிச்சயதார்த்தத்திலும் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்யும் பொறுப்பு இவளுடையது, இவள் வாய்க்குத் தப்பியவர் இந்த வட்டாரத்தில் இல்லை. சம்பந்திகள் கேலிக்குக் கோபப்படக் கூடாது. பட்டால் அபராதம். எர்முகான் பல் தெரியச் சிரித்தார்.

கதவுக்கு எதிர்ச்சுவர் ஓரம், மரியாதை இடத்தில், மெத்தை விரிப்பின் மேல் அவரை உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் மனைவி குல்சியா, மடியில் பெரிய கறுப்புக் கைப்பை. இன்னொரு பக்கம் மகன் சன்ஜார், நகர ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர். வந்ததிலிருந்து தரைவிரிப்பின் பூவேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே ஜெனிஸ் கேமராவோடு குத்துக்காலிட்டிருந்தார். வட்டாரத்துக் கல்யாண வீடியோ எல்லாம் அவர் எடுத்ததுதான். அழுகிறவர்களைக்கூட வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு தடவை அழச் சொல்வார்.

"சம்பந்தியம்மா," என்றார் எர்முகான், குரலில் தேன் தடவி. "இன்னிக்கு அப்புறம் நமக்குள்ள எது இருந்தாலும் இந்த விரிப்பு மேலயே பேசித் தீர்த்துக்கலாம். மண்டபம், மேடை, மைக்கு, அதெல்லாம் வேத்து மனுஷங்களுக்கு. என்ன சொல்றீங்க?"

ரௌஷான் சமோவார்க் கொதிகலனின் குழாயைத் திருகி அவருக்குத் தேநீர் ஊற்றினாள். விளிம்புவரை ஊற்றினாள். எங்கள் ஊரில் பாதிக் கோப்பைதான் மரியாதை. நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். தொலேகென் பலமாக இருமினார்.

"கை தவறிடுச்சு," என்றாள் ரௌஷான்.

இந்தச் சந்தடியில் ஷரிபாவும் அடுத்த வீட்டுப் பெண்ணும் எர்முகானுக்குப் பின்னால் தலையணை அடுக்குவதுபோல மண்டியிட்டு, அவர் கோட்டின் பின் விளிம்பை மெத்தை விரிப்போடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். இதுவும் முறைதான். தடித்த நூல். ஷரிபா எதையும் அரைகுறையாகச் செய்பவள் இல்லை.

*

ரௌஷான் அடுப்படியில் உலை வைத்துக்கொண்டிருந்தபோது குல்சியா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தோளில் கைப்பை. கையில் நீல நிறத்தில் ஒரு ஐஸ் பெட்டி.

"சம்பந்தியம்மா, ஒரு உதவி. தப்பா நினைக்கக் கூடாது."

"தப்பா நினைக்கிற மாதிரி இருந்தா நினைப்பேன். சொல்லுங்க."

குல்சியா பெட்டியைத் திறந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றிய ஈரல் ஒன்று, பக்கத்தில் ஐஸ் கட்டிகள்.

"எங்கண்ணன் பண்ணையிலேருந்து வந்தது. இவருக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை. டாக்டர் வேற..."

"டாக்டர் வெளியூர் ஈரலா பார்த்துச் சாப்பிடச் சொன்னாரா?"

குல்சியாவின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. ரௌஷான் அலமாரியின் கீழ்க்கதவைத் திறந்து, தன் ஐஸ் பெட்டியை எடுத்து, அந்த நீலப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடியை எடுத்தாள்.

இரண்டு ஈரல்கள். இரண்டும் நல்ல துணியில் சுற்றியவை. இரண்டும் இந்த ஊருடையவை அல்ல.

குல்சியாதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மாவு டின் மேல் உட்கார்ந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"நீங்களுமா?"

"எங்க வீட்டுல பல வருஷமா."

"எங்க வீட்டுல அதுக்கும் முன்னாலேருந்து. இவர் இந்தப் பதவிக்கு வந்த முதல் வாரமே சொல்லிட்டார், இந்தப் பக்கத்து ஈரல், சிறுநீரகம் எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு. ஏங்கன்னு கேட்டேன். ருசி சரியில்லைன்னார். நான் சூப்புல உப்பே போடலைன்னாலும் கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷன்."

"நல்லவேளை, உங்களுக்காவது சொன்னார்," என்றாள் ரௌஷான். "இந்தத் தெருவுல வாராவாரம் அதைத்தான் பிள்ளைங்களுக்கு வறுத்துப் போடறாங்க. நான் முத்திரை போடறது கடைக்கு வர்ற ஆட்டுக்குத்தான். வீட்டுல அறுக்கறதை யார் பார்க்கறா? நான் சொன்னா ரௌஷானுக்கு ஆலைமேல கோபம்னு சொல்றாங்க. ருசி சரியில்லைன்னு உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

குல்சியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.

"நான் அந்த ஏன்ங்கற கேள்வியை இன்னொரு தடவை கேட்டிருக்கணும்," என்றாள்.

"இப்ப வேகவைப்போம். நேரமாச்சு."

"எதை?"

"ரெண்டையும்தான்."

இரண்டும் ஒரே பானையில் போயின. அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு ரௌஷான் திரும்பினாள். "நீங்க அங்க வந்து எதுவும் சொல்ல வேண்டாம் சம்பந்தியம்மா. அவருக்கு ஜாடையும் காட்ட வேண்டாம். சும்மா பக்கத்துல உட்கார்ந்திருங்க."

"அது எனக்குப் பழக்கம்தான்," என்றாள் குல்சியா.

*

தட்டு உள்ளே வந்தது. மெல்லிசாக அரிந்த வால் கொழுப்பு வெண்ணெய்போல மின்னியது. அதன் மேல் ஈரல் துண்டுகள். புளித்த குதிரைப்பாலான குமிஸ் நிறைந்த கோப்பையோடு தொலேகென் எழுந்தார்.

"எங்க மந்தை," என்றார். "பொறந்த நாள் முதலா இந்தப் புல்லைத் தவிர வேற புல்லு தின்னாத ஆடு. சம்பந்தி, உங்க ஆலைக்குக் கீழ இருக்கற அந்தப் பள்ளத்துலதான் மேய்ஞ்சுது. உங்க நிழல்லயே வளர்ந்ததுன்னு சொல்லணும்."

எர்முகானின் முகத்தில் நிறம் இறங்கத் தொடங்கியது. மனைவியைப் பார்த்தார். பெட்டி போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் கேட்டார். குல்சியா கூரையில் ஏதோ சிலந்தியைக் கண்டவள்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கால்வாய்த் தண்ணியைத்தான் குடிச்சுது," என்று தொலேகென் உருகினார். "உங்க புகை பட்ட காத்தைத்தான் மூச்சா விட்டுது. இந்த ஈரல் எங்களோடது மட்டுமில்லை சம்பந்தி. உங்களோடதும்தான்."

இதற்குமேல் பொருத்தமாக யாராலும் பேசியிருக்க முடியாது. அதுவும் தொலேகென் ஒரு வார்த்தையைக்கூட வேண்டுமென்று சொல்லவில்லை.

ரௌஷான் ஒரு துண்டுக் கொழுப்பையும் ஒரு துண்டு ஈரலையும் சேர்த்து எடுத்து எர்முகான் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"டாக்டர் எனக்கு..." என்றார் எர்முகான்.

"டாக்டர் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கார்," என்றாள் ஷரிபா. "என்ன மாப்பிள்ளை, ஏதாவது சொன்னீங்களா?"

சன்ஜார் தலையை ஆட்டினான். இல்லை என்று.

"அப்ப கொழுப்பு மட்டும் எடுத்துக்கறேனே."

"பாதி சாப்பிட்டா பாதிச் சம்பந்திதான். பொண்ணையும் பாதிதான் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றாள் ஷரிபா.

எர்முகான் சட்டைப் பையைத் தொட்டார். "போன் அடிக்குது. ஒரு நிமிஷம்," என்று எழுந்தார்.

போன் அடிக்கவில்லை. எழுந்தது அவர் மட்டுமில்லை. மெத்தை விரிப்பும் கூடவே எழுந்தது. தலையணைகள் சரிந்தன, பவுர்சாக்குகள் உருண்டோடின, தேநீர்க் கோப்பை ஒன்று கவிழ்ந்தது. துணை இயக்குநர் வால் தரையில் மாட்டிக்கொண்ட ஏதோ ஒரு பிராணிபோலக் குனிந்த வாக்கில் நின்றார். பெண்கள் கைதட்டிச் சிரிக்க, ஷரிபா பாட்டை எடுத்தாள்:

*பச்சைப் பட்டை கட்டிவந்த சம்பந்தி,*
*பாயைத் தூக்கிப் போறதெங்கே சம்பந்தி?*
*ஊட்டும் ஈரல் வேண்டாமுன்னா சம்பந்தி,*
*உண்மை ஒண்ணு சொல்லிப் போங்க சம்பந்தி.*

கோபப்படக் கூடாது. அது முறை. எர்முகான் மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். சிரிப்பும் மெதுவாக அடங்கியது. ரௌஷானின் கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"ஏன் வேண்டாம் சம்பந்தி?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

"அப்பா," என்றான் சன்ஜார். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். "என்கிட்ட வர்ற பிள்ளைங்களோட அம்மாக்கள்கிட்ட தினமும் நான் இந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் சொல்றேன். நான் சொன்னா, சின்னப் பையன், டாக்டருக்குப் படிச்சு வந்து பயமுறுத்தறான்கறாங்க. நீங்க சொல்லுங்க."

எர்முகான் தட்டைப் பார்த்தார். அவர் எத்தனையோ மேடையில் பேசியவர். எழுதிக்கொடுத்த தாள் இல்லாமல் பேசி நாளாயிற்று.

"இந்த மேய்ச்சல் நிலத்து ஆட்டு ஈரலைச் சாப்பிடக் கூடாது," என்றார். "யாருமே. குழந்தைங்களுக்குக் கொடுக்கவே கூடாது."

"அருமை," என்றார் ஜெனிஸ் கேமராவுக்குப் பின்னாலிருந்து. "சம்பந்தி, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை. கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்து."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கதவைத் திறந்தவருக்கு அடுத்த கதவு சுலபம் போலிருக்கிறது. எர்முகான் தொடர்ந்தார்.

"ஃபில்டர் வந்து மூணு வருஷமாச்சு. கிடங்குல பெட்டி பிரிக்காம இருக்கு. மாட்டணும்னா உலையை நிறுத்தணும், அதுக்கு மேலிடத்துல ஒத்துக்கலை. நான் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன்."

அந்தப் போட்டோவை ஊரே பார்த்திருக்கிறது. ஆலையின் நாட்காட்டியில் மே மாதம் அது.

தொலேகென் கோப்பையைக் கீழே வைத்தார், குடிக்காமல்.

"இப்ப சாப்பிடுங்க," என்றாள் ரௌஷான். "இது இந்த ஊர் ஈரல் இல்லை. பாதி என் சித்தி மகன் பண்ணையோடது. பாதி உங்க மச்சினன் பண்ணையோடது. எங்க ஆட்டு ஈரலைக் காலையிலயே புதைச்சுட்டேன். வந்தவங்ககிட்ட அதைச் சொல்ல வெட்கமா இருந்தது. அதான் மறைச்சேன். அதுக்கு என்னை மன்னிக்கணும்."

"அப்ப நான் பேசினதெல்லாம்?" என்றார் தொலேகென்.

"வாலைப் பத்திப் பேசினதா வெச்சுக்கலாம் அண்ணே," என்றாள் ஷரிபா. "வால் நம்மளோடதுதான்."

எர்முகான் வாயைத் திறந்தார். ரௌஷான் ஊட்டினாள். அவரும் ஒரு துண்டெடுத்து ஊட்டினார். அவள் நிதானமாக மென்று விழுங்கினாள். வாசலுக்கு அப்பால் நின்றிருந்த மோல்திர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப திங்கட்கிழமை..." என்றார் எர்முகான். "சம்பந்திங்க மேடையேறி..."

"வருவேன். முதல்ல நான்தான் பேசுவேன். நான் சம்பந்தம் பண்ணினது உங்க வீட்டோட. புகைபோக்கியோட இல்லை."

ஷரிபா கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள்.

*

கிளம்பும்போது வழக்கப்படி எர்முகானின் தோளில் பூவேலை செய்த ஷாபான் அங்கியைப் போர்த்தினார்கள். நூல் தொங்கும் கோட்டு விளிம்பை அது நன்றாக மறைத்தது. தொலேகென் மரக்கன்றுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் குழியா பழைய குழியா என்று ஷரிபா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மோல்திர் அம்மாவைக் கார் நிழலுக்கு இழுத்துவந்து, உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். நகத்தளவு மெமரி கார்டு.

"ஜெனிஸ் மாமாகிட்ட வாங்கிட்டேன். திங்கட்கிழமை மண்டபத்துல, பெரிய திரையில போட்டா போதும். நீங்க பேசவே வேண்டாம்."

ரௌஷான் அதை வாங்கிப் பார்த்தாள். மூன்று தடவை பரிசோதனைக்கு மாதிரிகள் அனுப்பியும் ஆலை ஒத்துக்கொள்ளாதது, இத்தனை சின்னதில் இருந்தது.

"வேண்டாம்," என்றாள்.

"அம்மா."

"வீட்டுக்கு வந்தவரைத் தைச்சு உட்காரவெச்சு வாங்கின வார்த்தை இது. கேலிக்குக் கோபப்படக் கூடாதுன்னு அவர் உட்கார்ந்திருந்தார். அதை நாம வெளிய எடுத்துட்டுப் போனா, அப்புறம் எந்த வீட்டுல யார் வாயைத் திறப்பாங்க?"

"அப்ப அந்தப் பிள்ளைங்க?"

ரௌஷான் கார்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள். காரின் அந்தப் பக்கம் ஏறப்போன எர்முகான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்தார்.

"நான் பேசலாம்னு நினைக்கறேன்," என்றார்.

"நினைக்கறீங்களா?" என்றாள் ரௌஷான்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு பார்க்கறேன் சம்பந்தியம்மா. இப்ப இங்க நிக்கும்போது பேசிடலாம்னு இருக்கு. திங்கட்கிழமை காலையில தலைமை இயக்குநர் பக்கத்துல வந்து உட்காருவார். அப்ப எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியலை."

அவரிடமிருந்து இத்தனை வருடத்தில் அவள் கேட்ட பேச்சுகளில் இதைத்தான் முழுதாக நம்பினாள்.

"அதை இங்க குடுங்க," என்று ஒரு கை நடுவே நீண்டது. குல்சியாவின் கை. "வீட்டுக் கல்யாண வீடியோ. மாப்பிள்ளையோட அம்மாகிட்ட இருக்கறதுதானே முறை?"

ரௌஷான் கொடுத்தாள். குல்சியா கார்டைக் கறுப்புக் கைப்பைக்குள் போட்டுக் கொக்கியை மூடினாள். நல்ல சத்தம் கேட்டது.

"பயப்படாதீங்க," என்றாள் கணவனிடம், அங்கியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே. "இதை நான் யாருக்கும் காட்டப் போறதில்லை. திங்கட்கிழமை முன் வரிசையில வந்து உட்காருவேன். நீங்க பேசி முடிக்கிறவரைக்கும் இந்தப் பை என் மடியிலதான் இருக்கும். உங்க கண்ணுக்கு நேரா."

எர்முகான் பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு, அன்று முழுக்க முதல் தடவையாக, மனதாரக் கொஞ்சம் சிரித்தார். பயமும் அதில் இருந்தது.

சன்ஜார் காரைக் கிளப்பினான். ஜன்னல் இன்னும் ஏற்றவில்லை. உள்ளே போன் அடித்தது. இந்தத் தடவை நிஜமாகவே அடித்தது. திரையில் தலைமை இயக்குநரின் பெயர். எர்முகான் மடியில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே இருந்தார்.

குல்சியா எட்டி எடுத்தாள்.

"சொல்லுங்க ஐயா. இவர் கையெல்லாம் கொழுப்பு, அதான் நான் எடுத்தேன். ஆமா, சாப்பிட்டாச்சு, நல்லபடியா முடிஞ்சுது." ஜன்னல் வழியாக ரௌஷானைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "திங்கட்கிழமை விஷயமா? எனக்கும் அதைப் பத்தித்தான் கேட்கணும்னு இருந்தது. கிடங்குல இருக்கற அந்தப் பெட்டிங்க, அதை எந்தத் தேதியில பிரிக்கறதா இருக்கீங்க?"

கார் திருப்பத்தில் மறைந்தது. என்ன பதில் வந்தது என்று ரௌஷானுக்குக் கேட்கவில்லை.